மேஜையின் நாலாவது கால்

பிப்ரவரி 3

குடியிருப்பவருக்கு,

எழுதுவது ஆபரேட்டரம்மா. அந்தத் தெருவில் எனக்கு அதுதான் பெயர். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரி.

போனில் கூப்பிட்டுச் சத்தம் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவளுக்கு இப்போது காது போய்விட்டது. நான் திட்டுவது உங்களுக்குக் கேட்கும். நீங்கள் சொல்லும் சமாதானம் எனக்குக் கேட்காது. அது நியாயமில்லை. செல்போனில் தட்டி அனுப்பும் வித்தையும் எனக்கு வராது. மகனிடம் சொல்லி அனுப்பச் சொன்னால் என் பத்து வார்த்தையை ஒன்றாகச் சுருக்கிவிடுவான். அதனால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் மனைவி என் மருமகளிடம் சொன்னாளாம். உங்கள் வீட்டில் காலையில் ‘தடால்’ என்று ஒரு சத்தம். மறுநாள் பார்த்தால் என் சாப்பாட்டு மேஜை வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், காலைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறது. அதுவும் மூன்று கால்தான். நாலாவது எங்கே?

சாமான்களோடு வாடகைக்கு விட்ட வீடு அது. மேஜை, கட்டில், அலமாரி, பின்னல் நாற்காலி எல்லாம் நானும் என் கணவரும் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. போட்டு உடைப்பதற்காகச் சேர்க்கவில்லை.

இரண்டு கேள்விகள். உங்கள் வீட்டில் யாராவது குடிக்கிறார்களா? குடித்துவிட்டு யாரையாவது அடிக்கிறார்களா? அடி வாங்குவது நீங்கள் என்றால் எழுதுங்கள், அது வேறு விஷயம். இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் மேஜை பழையபடி நிற்க வேண்டும். முடியாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிடுங்கள்.

ஆபரேட்டரம்மா

*

பிப்ரவரி 9

அம்மாவுக்கு வணக்கம்.

உங்க கடிதம் வந்தது. நான் ஒரு லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறேன். விடியக்காலையில போய் நின்னா வரிசையா வர்றவங்க எல்லாரும் என்னைத் திட்டிக்கிட்டேதான் கையை நீட்டுவாங்க. அதனால உங்க திட்டு எனக்கு உறைக்கலை, தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க வீட்டுல யாரும் குடிக்கிறதில்லை. யாரும் யாரையும் அடிக்கிறதில்லை. என் வீட்டுக்காரர் லைன்மேன். வெளியூர்ல வேலையா இருக்கார்.

மேஜை விஷயம் நிஜம்தான். ஆனா நாங்க குடி வந்த அன்னைக்கே அந்தக் காலுக்கு அடியில அட்டையை மடிச்சு வச்சிருந்தது. அலமாரிக் கதவும் அப்பவே ஒரு பக்கமா தொங்கிக்கிட்டிருந்தது. நான் புகார் சொல்லலை, ஏன்னா இருக்கிறதுல இந்த வீடுதான் எங்க கைக்கு அடக்கமா கிடைச்சது.

தச்சர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். மேஜையைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், ‘அருமையான மரம்’னு பாராட்டினார். அப்புறம் கூலி சொன்னார். அந்தக் கூலிக்குப் பாராட்டு இல்லாம ஒரு புது மேஜையே வாங்கிடலாம். அதனால நானே சரி பண்ணிடறேன். நீளமான ஆணியா வாங்கி வச்சிருக்கேன். வர்ற லீவு நாள்ல அடிச்சிடுவேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க.

இப்படிக்கு,
உங்க வீட்டுல குடியிருக்கிறவ

*

பிப்ரவரி 15

குடியிருப்பவருக்கு,

ஆணி என்று படித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். என்னவோ ஏதோ என்று மருமகள் ஓடி வந்தாள்.

ஆணி அடிக்காதீர்கள். அந்தக் கால் ஆணியில் நின்றதே இல்லை. காலின் தலையில் நாக்கு மாதிரி ஒரு துண்டு இருக்கும். மேஜையின் சட்டத்தில் அதற்கு ஒரு வாய் இருக்கும். நாக்கு வாய்க்குள் போய்ப் பசையில் நிற்கிறது. நாக்கில் யாராவது ஆணி அடிப்பார்களா?

இனி அடுத்தது. உங்கள் கணவர் வெளியூரில் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அப்படியென்றால் பட்டப்பகலில், நீங்கள் வேலைக்குப் போன பிறகு, என் வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த ஆள் யார்? பல் டாக்டரின் மனைவி தன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். அவளுக்கு வேறு வேலை இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் கண் நல்ல கண்.

இங்கே நான் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறேன். காலையில் எழுந்தால் ஜன்னலுக்கும் வாசல் கதவுக்கும் நடுவே நடக்கிறேன். கீழே இறங்கினால் காவலாளி ‘எங்கம்மா போறீங்க?’ என்று வாயசைக்கிறான். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாதபோது அவனுக்கு என்ன சொல்வது? திரும்பி மேலே வந்துவிடுகிறேன். இந்த நிலைமையில் என் வீட்டுக்குள் முகம் தெரியாத ஒருவர் நடமாடுகிறார் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

பொய் சொல்வதென்றால் பல் டாக்டர் வீட்டு ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள்.

ஆபரேட்டரம்மா

*

பிப்ரவரி 20

அம்மா,

அது என் வீட்டுக்காரர்தான்.

போன மழைக்காலத்துல மின்கம்பத்து மேலேருந்து விழுந்துட்டார். இடுப்புலயும் வலது கால்லயும் ஆபரேஷன். உயிர் பிழைச்சதே பெரிய விஷயம்னு சொன்னாங்க. அப்ப இருந்த வீடு மாடி. ஏறி இறங்க முடியாதுன்னு கீழ்வீடா தேடினேன். போன இடத்துலயெல்லாம் முதல் கேள்வி, ‘வீட்டுல நோயாளி யாராவது இருக்காங்களா?’ ஒருத்தர் நேராவே சொன்னார், ‘ஏதாவது ஆயிடுச்சுன்னா அப்புறம் என் வீடு விலை போகாதும்மா’ன்னு. அதனால உங்க மகன்கிட்ட வெளியூர் வேலைன்னு சொல்லிட்டேன். அதே பொய்யை உங்களுக்கும் எழுதினேன்.

உங்க சாமான்தான்மா அவருக்குக் கைப்பிடி. கட்டிலை விட்டா அலமாரி. அலமாரியை விட்டா முன்னறையில நாற்காலி முதுகு. அங்கேருந்து மேஜை ஓரம். மேஜையைச் சுத்தி வந்தா ஜன்னல். ஒண்ணை விட்டா அடுத்தது கைக்கு எட்டுற மாதிரி நான்தான் எல்லாத்தையும் இழுத்து இழுத்து வச்சேன். ஜன்னல் வரைக்கும் போய் நின்னு தெருவுல கரண்ட் கம்பியைப் பார்த்துட்டு வருவார். ‘ஜாயிண்ட் லூசா இருக்கு, எவனும் பார்க்க மாட்டேங்கிறான்’னு முணுமுணுப்பார்.

அன்னைக்கு முழு பாரத்தையும் மேஜை மேல போட்டிருக்கார். கால் கழண்டுடுச்சு. மேஜையும் அவருமா விழுந்தாங்க. அவருக்கு அடி இல்லை. ஆனா பயம் வந்துடுச்சு. நீங்க சொன்ன ‘சுவரைப் பிடிச்சு நடந்த ஆள்’ அதுக்கு முன்னாடி நடந்தவர். இப்ப கட்டிலை விட்டே இறங்க மாட்டேங்கிறார். மேஜையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறார்னு நான்தான் அதைப் பின்பக்கம் இழுத்துட்டுப் போய்ப் போட்டேன்.

மறைச்சது தப்புதான். காலி பண்ணணும்னா பண்ணிடறோம். ஆனா வேற கீழ்வீடு கிடைக்கிற வரைக்கும் விடுங்க. ஆணியைக் கடையில திருப்பிக் கொடுத்துட்டேன்.

*

பிப்ரவரி 26

லேப்காரம்மாவுக்கு,

முதலில் திட்டை முடித்துவிடுகிறேன். என்னை ஏமாற்றினாய். எனக்கு ஏமாறப் பிடிக்காது. முடிந்தது.

இனி நீ, உன் என்றே எழுதுகிறேன். கோபப்பட்டுக்கொண்டே மரியாதை கொடுப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மேஜையை உள்ளே கொண்டு வா. பயந்த பொருளை ஒளித்து வைத்தால் பயம் வளரும். அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் போடு. காலை அவர் மடியில் வை. பழைய பசையைச் சுரண்ட வேண்டும், புதுப் பசை போட வேண்டும், இறுக்கிக் கட்ட வேண்டும். எல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை. கம்பத்து மேலே தொங்கிக்கொண்டு வேலை செய்தவருக்குத் தரையில் உட்கார்ந்து செய்யத் தெரியாதா?

இன்னொரு விஷயம். இதை எழுதலாமா வேண்டாமா என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன். என் மகன் வீட்டை விற்கப் பார்க்கிறான். யாரோ ஒருவர் பார்க்க வரப் போகிறாராம். தேதி எனக்குச் சொல்லவில்லை. வீடு என் பெயரில்தான் இருக்கிறது. நான் சரி என்று சொல்லவில்லை. சொல்லச் சொல்லி ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் கேட்கிறான்.

அவன் கெட்டவன் இல்லை. நான் அங்கே தனியாக இருந்தபோது அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். பொங்கி, தீய்ந்து, ஜன்னல் திரையில் தீப்பிடித்தது. பல் டாக்டரின் மனைவி சுவர் தாண்டிக் கத்தியிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் மகன் வந்து என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆகையால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. பார்க்க வருகிறவர் வந்து போகும்வரை வீட்டை ரொம்ப அழகாக வைக்காதே. அலமாரிக் கதவு தொங்கட்டும்.

ஆபரேட்டரம்மா

*

மார்ச் 8

அம்மா,

நீங்க சொன்னதுல பாதியைத்தான் காப்பாத்த முடிஞ்சது!

மேஜையை உள்ளே கொண்டு வான்னு நீங்க எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். கடைசி விஷயத்தைப் படிக்கலை. முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கிட்டார். மறுநாள் நான் வேலை முடிஞ்சு வந்தா, கட்டிலை விட்டு இறங்கித் தரையில உட்கார்ந்திருக்கார். மேஜைக் காலைத் தொடை மேல வச்சுக்கிட்டு உடைஞ்ச பிளேடால பழைய பசையைச் சுரண்டறார். ‘யாரு இதுக்கு இவ்வளவு கேவலமா பசை போட்டது?’ன்னு கேட்டார். நீங்களா இருக்கும்னு நான் சொல்லலை.

அப்புறம் நிறுத்தவே முடியலைம்மா. நாக்குல ஒரு ஓரம் உடைஞ்சிருந்தது. மரத்தூளைப் பசையில குழைச்சு அடைச்சார். இறுக்கிக் கட்டக் கருவி இல்லை. சைக்கிள் கடையில ஓட்டை விழுந்த ட்யூபை வாங்கிட்டு வரச் சொல்லி, அதை நாடா நாடாவா கிழிச்சு, காலையும் சட்டத்தையும் சேர்த்து இழுத்துக் கட்டினார். தச்சர் கடைக் கருவி எல்லாம் அதுக்கு முன்னாடி தோத்துப் போகும்.

அலமாரிக் கதவை விடுங்கன்னு சொன்னேன். கேட்டாத்தானே? திருகாணி ஓட்டையெல்லாம் பெரிசாயிடுச்சுன்னு தீக்குச்சியைப் பசையில முக்கி உள்ளே சொருகி, மேல திருகாணியை முடுக்கிட்டார். கதவு இப்ப ‘க்ளிக்’னு சாத்துது. நாற்காலிப் பின்னல் கிழிஞ்சதுக்கு அவரோட கூட்டாளிங்க கம்பத்துலேருந்து வீட்டுக்கு இழுக்கிற சர்வீஸ் ஒயர் பழசு கொஞ்சம் கொண்டாந்து கொடுத்தாங்க. கறுப்பு ஒயர்ல பின்னிட்டார். பார்க்க எருமை முதுகு மாதிரி இருக்கு. உட்கார்ந்தா சொகம்.

மேஜை நிமிர்ந்து நின்னதுக்கு மறுநாள் உங்க மகன் வந்தார். கூடவே வீடு வாங்கப் பார்க்கிறவர். என் வீட்டுக்காரரைப் பார்த்து உங்க மகன் திகைச்சுப் போனார். ஆனா ஒரு வார்த்தை சுடுசொல் சொல்லலை. ‘உட்காருங்க சார், எழுந்திருக்காதீங்க’ன்னார். வந்தவர் மேஜையை ஆட்டிப் பார்த்தார். ஆடலை. அலமாரியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ‘இந்தச் சாமானெல்லாம் வீட்டோட சேர்த்தா?’ன்னு கேட்டார்.

போகும்போது உங்க மகன் என்னைத் தனியா கூப்பிட்டார். ‘அம்மா சம்மதிச்சுட்டாங்க. வேற வீடு பார்க்க ஆரம்பிச்சிடுங்க’ன்னு சொன்னார்.

நீங்க சம்மதிச்சீங்களா?

*

மார்ச் 13

நான் சம்மதிக்கவில்லை. சம்மதிக்கவில்லை. சம்மதிக்கவில்லை.

அழகாக வைக்காதே என்று எழுதினேனா இல்லையா? தொங்குகிற கதவு தொங்கினால் என்ன குறைந்துவிடும்? வந்தவனுக்கு என் மேஜை பிடித்துவிட்டதாம். முன்பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறானாம். மகன் விற்பனைத் தாளை என் முன்னால் வைத்துவிட்டுப் பேனாவையும் திறந்து வைக்கிறான். நான் மூடி வைக்கிறேன். அவன் திறக்கிறான். இதுதான் இங்கே எங்கள் பேச்சு.

நேற்று காவலாளிக்குப் பதில் சொல்லாமல் வெளியே போனேன். பேருந்து நிலையம் வரை நடந்தேன். பேருந்து நின்றது. ஏறப் படியில் கால் வைத்தேன். ஏறி அங்கே வந்தால் எந்த வீட்டுக்குள் போவேன்? என் வீட்டில் நீ இருக்கிறாய். இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். மருமகள் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் என்னால் நிம்மதி இல்லை.

நன்றாக யோசித்துவிட்டேன். நான் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் மகனால் விற்க முடியாது. நான் வர வேண்டுமென்றால் வீடு காலியாக இருக்க வேண்டும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் வீட்டுக்காரர்மேலும் இல்லை. ஆனால் அது என் வீடு. இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடு.

*

மார்ச் 19

அம்மா,

விற்கணும்னு உங்க மகன் காலி பண்ணச் சொல்றார். விற்கக் கூடாதுன்னு நீங்க காலி பண்ணச் சொல்றீங்க. எப்படிப் பார்த்தாலும் தெருவுல நிக்கப் போறது நாங்கதான். சரி. அது உங்க வீடு. இல்லைன்னு நான் சொல்ல முடியுமா?

வேலை முடிஞ்சு நேரா வீடு தேடப் போறேன். கால் வலிக்குது. கீழ்வீடுன்னா வாடகை எகிறுது, வாடகை அடங்கினா வாசல்ல படிக்கட்டு.

உங்க கடிதத்தை அவருக்கு முழுசா படிச்சுக் காட்டினேன். கட்டில் சட்டம் விரிஞ்சிருந்தது, அதுக்கு அடியில ஒரு பட்டையான மரத்துண்டை வச்சு முடுக்கிக்கிட்டிருந்தார். அப்படியே தொடர்ந்தார். எனக்கு ஆத்திரமா வந்தது. ‘போற வீட்டுக்கு எதுக்கு இந்த வேலை?’ன்னு கத்தினேன். ‘பாதி கட்டின லைனை விட்டுட்டு எந்த லைன்மேனாவது இறங்குவானா?’ன்னார்.

அப்புறம் நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டே கேட்டார், ‘அந்தம்மா இங்க தனியா வந்து இருந்தா, காலிங்பெல் அடிச்சா எப்படித் தெரியும்?’ எனக்கு எரிச்சல். நம்ம கதையே நாறுது, இவருக்கு அடுத்த வீட்டுக் கவலை. ஆனா அவர் விடலை. என்னை ஸ்டூல் மேல ஏத்தி, கீழே உட்கார்ந்துக்கிட்டு ‘சிவப்பை அங்க சேர், கறுப்பைத் தொடாதே’ன்னு அதட்டி அதட்டி வேலை வாங்கிட்டார். இப்ப வாசல்ல பெல்லை அழுத்தினா முன்னறையிலயும் சமையலறையிலயும் பல்பு எரியும். விட்டு விட்டு எரியும். காது கேட்க வேண்டியதில்லை. கண்ணு இருந்தா போதும்.

இதுக்காக எங்களை இருக்க விடுங்கன்னு கேட்கலை. கெஞ்சறதுக்காக எழுதினதா நினைச்சுடாதீங்க. வந்ததும் பல்பைப் பார்த்துப் பயந்துடக் கூடாதேன்னுதான் எழுதறேன்.

மாதக் கடைசியில சாவியைப் பல் டாக்டர் வீட்டுல கொடுத்துடறோம்.

*

மார்ச் 24

மகளே,

சாவியை யாரிடமும் கொடுக்காதே. அவளிடம் கொடுத்தால் தெரு முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போகும்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மகனிடம் பேசினேன். அவன் கத்தினால்தான் எனக்குக் கொஞ்சம் கேட்கும். பன்னிரண்டாவது மாடியில் கத்தினால் பதினொன்றும் பதிமூன்றும் சேர்ந்து கேட்கும். கேட்கட்டும்.

‘அங்கே போய் என்னம்மா பண்ணுவே? யாராவது கதவைத் தட்டினா?’

‘பல்பு எரியும்.’

‘அடுப்புல வச்சதை மறந்தா?’

‘லைன்மேன் இருக்கார். அவருக்கு மூக்கும் காதும் நன்றாக இருக்கின்றன.’

‘எந்த லைன்மேன்? அவங்களைக் காலி பண்ணச் சொல்லியாச்சே.’

‘நீ சொன்னாய். நானும் சொன்னேன். இரண்டு பேரும் சொன்னது தப்பு.’

அவன் சோபாவில் உட்கார்ந்துவிட்டான். பிறகு மெதுவாக ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல் என்றேன். அவன் கத்தவில்லை. அந்த விற்பனைத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான். ‘உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்னம்மா செய்வேன்?’ என்று எழுதியிருந்தான். நான் அவன் தலையில் கை வைத்தேன். அவன் பேனாவை மூடிவிட்டான்.

நான் வருகிறேன். முன்னறை எனக்கு. பின்னறையும் கட்டிலும் உங்களுக்கு. சமையலறை பொது. நான் சுலபமான ஆள் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என்ன சொல்கிறாய்?

ஆபரேட்டரம்மா

*

மார்ச் 29

அம்மா,

படிச்சதும் முதல்ல அழுதேன். அப்புறம் யோசிச்சேன். யோசிச்சா பயமா இருக்கு.

நீங்க வாங்கன்னு உடனே எழுதணும்னுதான் ஆசை. ஆனா உள்ளதைச் சொல்லணும் இல்லையா. அவரால உங்களைப் பார்த்துக்க முடியும்னு உங்க மகன்கிட்ட சொல்லிட்டீங்க. அவரையே ஒருத்தர் பார்த்துக்கணும். நான் விடியக்காலை போனா மத்தியானம் தாண்டித்தான் வருவேன். அந்த நேரத்துல அவர் விழுந்து, உங்களைக் கூப்பிட்டா? தொண்டை கிழியக் கத்தினாலும் உங்களுக்குக் கேட்காதே. நீங்க முன்னறையில பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பீங்க, அவர் பின்னறையில தரையில கிடப்பார்.

இதைச் சொன்னா நீங்க மனசு மாறிடுவீங்களோன்னும் பயம். சொல்லாம இருந்தா மறுபடியும் மறைச்சவளாயிடுவேன்னும் பயம்.

இப்பவும் அவர் எழுந்து மேஜை வரைக்கும்தான் போறார். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறார்.

*

ஏப்ரல் 2

மகளே,

காது போனவளுக்குப் பாதம் கேட்கும். இங்கே மேல்மாடியில் யாராவது கட்டிலை நகர்த்தினால் முதலில் தெரிவது எனக்குத்தான். மருமகள் அப்புறம்தான் நிமிர்ந்து பார்ப்பாள். உன் வீட்டுக்காரர் விழுந்தால் தரை எனக்குச் சொல்லும். என்னால் தூக்க முடியாது. ஆனால் பல் டாக்டரின் மனைவியைக் கூப்பிட எனக்குத் தொண்டை இருக்கிறது. அவள் எப்படியும் ஜன்னலில்தான் நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் கொண்டுவந்து விடுகிறான். சமையல் எதுவும் தடபுடலாகச் செய்யாதே.

*

மே 18, பின்னறையிலிருந்து

அம்மா,

முன்னறையில இருக்கிற உங்களுக்குப் பின்னறையிலேருந்து கடிதம் எழுதறேனேன்னு சிரிக்காதீங்க. உங்ககிட்ட சண்டை போடணும்னா கத்தணும். கத்தினா தெருவுக்கே தெரியும். அதனால கதவுக்குக் கீழே தள்ளறேன்.

இந்த ஒன்றரை மாசத்துல நான் உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. டம்ளரைக் கவுத்து வைக்கணும்னீங்க, வச்சேன். துணியை நிழல்ல காயப் போடணும்னீங்க, போட்டேன். ஆனா இன்னைக்கு நீங்க செஞ்சதை என்னால பொறுத்துக்க முடியாது.

நாற்காலியை ஏன் நகர்த்தினீங்க? அது முன்ன ஜன்னல் ஓரம் இருந்ததாம், அங்கதான் வெளிச்சமாம், எடுத்துப் போட்டுட்டீங்க. அந்த நாற்காலி உங்களுக்கு உட்கார. அவருக்கு அது நடக்க! அலமாரியை விட்டுக் கையை நீட்டியிருக்கார். அங்க ஒண்ணும் இல்லை. வெறும் காத்து. நான் வேலையிலிருந்து வந்தா மனுஷன் ஜன்னலடியில தரையில உட்கார்ந்து உடம்பெல்லாம் நடுங்கிக்கிட்டிருக்கார். கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறார். நீங்க பக்கத்துல உட்கார்ந்து தண்ணி கொடுத்துக்கிட்டிருக்கீங்க. விழுந்தாரா? எங்க அடிபட்டது? ரெண்டு பேரும் ஏன் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?

உங்க வீடுதான். உங்க நாற்காலிதான். ஆனா அந்த மனுஷன் என்னோட மனுஷன்மா.

*

மே 18, முன்னறையிலிருந்து

மகளே,

அவர் விழவில்லை.

நாற்காலியை நகர்த்தியது என் தவறு. உங்களைக் கேட்காமல் செய்தேன். வெளிச்சம் வேண்டுமென்று என் பழைய புத்தியில் இழுத்துப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வரும்போது அவர் அலமாரியை விட்டுக் கையை நீட்டிவிட்டார். கை காற்றைத் துழாவியது. என்னைப் பார்த்தார். நான் ஓடிப் போய்ப் பிடித்திருக்கலாம். ஒரு காலை எடுத்தும் வைத்தேன். அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு வலது காலை எடுத்து வைத்தார். ஒன்றையும் பிடிக்கவில்லை. என் பாதத்துக்கு அது கேட்டது. இன்னொன்று. இன்னொன்று. மேஜைக்குப் போகவில்லை. மேஜை பக்கத்தில்தான் இருந்தது, கை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். நீட்டவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனார். ஜன்னல் கம்பியைப் பிடித்ததும் கால் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த வயதில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க எனக்கும் ஆள் வேண்டும். அது தெரிந்தேதான் உட்கார்ந்தேன்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார். இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டு, தானாக நடந்து வந்து உனக்குக் கதவு திறக்க வேண்டுமாம். நீ அழுது எழுதியிருக்கிறாய், தாள் நனைந்திருக்கிறது, அதனால் சொல்லிவிட்டேன். தெரியாத மாதிரி இரு.

நாற்காலியைப் பழைய இடத்தில் வைக்கப் போனேன். அவர் வேண்டாம் என்றார். நாளைக்கு அலமாரியையும் கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று கேட்கிறார். உன்னைக் கேட்டுத்தான் சொல்வேன் என்று சொல்லியிருக்கிறேன். தள்ளட்டுமா?